ஒரு சுண்டு மருந்து

புத்தகத்தில் இல்லாத துவக்கு ரவையைக் கழகத்தில் சுடக்கூடாது என்று சட்டம் வந்தபோது யேசுராசாவுக்கு வயிறு எரிந்தது. சட்டத்துக்காக அல்ல. உலகத்தில் இல்லாத சட்டமெல்லாம் பார்த்த மனுசன் அவர். அதை எழுதினது சிறீஸ்கந்தராசா என்பதற்காக.

கிரெய்கிபர்னுக்கு வடக்கே, வீடுகள் முடிந்து காய்ந்த புல் தொடங்குகிற இடத்தில் அந்தக் கைத்துவக்குக் கழகம் இருந்தது. வெள்ளைக்காரர் நிறைந்த கழகம். தமிழர் என்று பார்த்தால் இரண்டே பேர். மன்னார் யேசுராசா ஒன்று, யாழ்ப்பாணத்துச் சிறீஸ்கந்தராசா மற்றது. யேசுராசா தான் உண்டு, தன் துவக்கு உண்டு என்று சுட்டுவிட்டுப் போவார். சிறீ சேர்ந்த அடுத்த வருசமே செயலாளர் ஆகிவிட்டார். சில பேருக்குக் கதிரையைக் கண்டால் கால் தானாக மடங்கும்.

குளிர் காலத்தில் ஒருவனுடைய ரிவால்வர் கையிலேயே வெடித்துப் பிளந்தது. அவன் வீட்டில் தானே வெற்றுக் கோதுக்குள் வெடிமருந்து போட்டு, மேலே குண்டு செருகி நிரப்பின ரவை. விரல்கள் தப்பினது கடவுள் செயல். அதிலிருந்து கழகத்தார் பயந்து போனார்கள். சிறீ உடனே எழுதிக் கொண்டுவந்தார்: வீட்டில் ரவை நிரப்புகிறவர்கள் அச்சடித்த புத்தகத்தில் இருக்கிற குண்டைத்தான் பாவிக்க வேண்டும், அந்தக் குண்டுக்கு அந்தப் புத்தகம் சொல்லுகிற மருந்தைத்தான் போட வேண்டும். இல்லையென்றால் கடை ரவை.

கடை ரவை யேசுராசாவுக்கு ஆகாது. இருபது வருசம் கோழி வெட்டுகிற ஆலையில் நின்று, வலது மணிக்கட்டு தேய்ந்து, உள்ளே இரும்புத் தகடு வைத்துத் தைத்திருக்கிறது. கடை ரவை வெடித்தால் அந்தத் தகடு எலும்போடு சண்டை பிடிக்கும். அவர் நிரப்புவது ஈயக் குண்டு, கொஞ்ச மருந்து, பூனை தும்மினது போல ஒரு சத்தம். அவ்வளவுதான் அந்தக் கை தாங்கும்.

சுடாமல் விடவும் முடியாது. கைத்துவக்குக்கு அனுமதி வைத்திருக்கிறவன் வருசத்துக்கு இத்தனை போட்டி சுட்டே ஆக வேண்டும். தவறினால் அனுமதி போகும், அதன் பின்னால் பொலிஸ் வந்து துவக்கைக் கொண்டுபோகும். யேசுராசாவுக்கு இந்த வருசம் ஒரு போட்டி குறைவாக இருந்தது. மார்கழி பிறந்துவிட்டது. வருசம் முடிய மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைப் போட்டி.

“விட்டுத் துலையுங்கோவன் அந்தச் சனியனை,” என்று மனுசி றோசலின் எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். அவர் விடவில்லை. ஊரில் ஆமிக்காரனின் துவக்குக்கு ஓடினார், இயக்கப் பெடியளின் துவக்குக்கு ஒளித்தார், கடலில் நேவியின் துவக்குக்கு வள்ளத்துக்குள் குப்புறக் கிடந்தார். கடைசியில் இந்த நாட்டில், சட்டப்படி, பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டிக்குள், அவருக்கென்று ஒரு துவக்கு இருக்கிறது. அதைக் கொண்டுபோக வருகிறவன் வரட்டும். தானாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாதி இல்லை யேசுராசா.

இந்த நேரம் பார்த்துத்தான் அவருடைய பழைய சாமான்களும் கையை விரித்தன. ஈயம் உருக்கி அவருக்குக் குண்டு வார்த்துக் கொடுத்த இத்தாலிக்காரக் கிழவன் மகளோடு இருக்கக் குயின்ஸ்லாந்துக்குப் போய்விட்டான். பழைய மருந்து எந்தக் கடையிலும் இல்லை. கப்பல் வரவில்லை என்றார்கள், யுத்தம் என்றார்கள், ஆளுக்கொரு கதை. தட்டில் கிடந்தது முன்பின் காணாத ஒரு மருந்து. குண்டும் புதுசு: நீல மெழுகு பூசின கடின ஈயம், பழையதைவிடக் கொஞ்சம் பாரம்.

“எல்லாம் ஒன்றுதான் மேட்,” என்றான் கடைக்காரன்.

“ஒண்டெண்டால் ஏன் வேற வேற பேர் வைச்சவங்கள்?” என்று யேசுராசா தமிழிலேயே கேட்டார். அவன் சிரித்தான். விளங்காமல் சிரிக்கிறவனை நம்பக்கூடாது என்பது அவருடைய கொள்கை. ஆனால் வேறு வழி? இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

எந்தப் புத்தகத்திலும் அந்தக் குண்டு இல்லை. அதற்கு விலக்குத் தரச் சொல்லிக் கழகத்தில் போய்க் கேட்டார். செயற்குழு மூன்று பேர்: தலைவர் கென், பாதுகாப்புக்குப் பொறுப்பான டெப் என்கிற பொம்பிளை, செயலாளர் சிறீ.

“புத்தகத்தில இல்லாட்டி இல்லைத்தான் அண்ணை,” என்றார் சிறீ. “நான் என்ன செய்ய?”

“புத்தகம் எழுதினவன் என்ர ஈயத்தைக் கண்டவனோ?”

“அதைத்தான் நானும் சொல்லுறன். காணாததைச் சுடக்கூடாது.”

“நீர் கடவுளைக் கண்டோ கும்பிடுறீர்?”

“யேசண்ணை, இது கோயில் இல்லை. ஒருத்தன்ர கண் போனால் நான்தான் பதில் சொல்லோணும்.”

கென்னுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் சண்டை என்று விளங்கியது. டெப் நடுவில் வந்தாள். கையில் எண்ணெய்க் கறை போகாத, லொறி திருத்துகிற பொம்பிளை அவள். தானும் வீட்டில் ரவை நிரப்புகிறவள். யேசுராசா ஆள் குறைந்த நாளில் தனியச் சுட்டுப் பார்க்கட்டும், ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு முன்னம் தன் ரவையைத் தங்கள் முன்னால் சுட்டுக் காட்டட்டும், குண்டின் வேகத்தை மெசினில் அளப்போம், பிறகு மூன்று பேரும் வாக்குப் போட்டு முடிவெடுப்போம் என்றாள். கென் தலையாட்டினான். சிறீயும் ஆட்டினார், மனமில்லாமல்.

யேசுராசாவின் கராஜில் ஒரு மேசை, அதில் ரவை நிரப்புகிற கைப்பிடி மெசின், சுவரில் அந்தோனியார் படம். மருந்து அளக்க அவரிடம் ஒரு சுண்டு இருந்தது. ஊரில் அரிசி அளக்கிற தகரப் பேணிக்குத்தான் சுண்டு என்று பேர். இவருடையது வெற்றுக் கோது ஒன்றை அளவாக அறுத்து, அரத்தால் தேய்த்து, கம்பிப் பிடி வைத்து அவரே செய்தது. மருந்துக்குள் விட்டுக் கோலி, மேலே ஒரு மட்டையால் வழித்துவிட்டால் ஒரு ரவைக்குக் கணக்கு. மகள் றம்யா வாங்கிக் கொடுத்த மின்தராசு பெட்டியோடு தட்டில் தூசி பிடித்துக் கிடந்தது. பற்றரியில் ஓடுகிற சாமானை அவர் நம்புவதில்லை. பற்றரி இறங்க இறங்க அது என்ன சொல்லும் என்று ஆர் கண்டது? சுண்டு அப்படியில்லை. வருசக்கணக்காக ஒரு தரம்கூட அவருக்குத் துரோகம் செய்யாதது அது ஒன்றுதான். மனுசரைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தச் சுண்டாலேயே புது மருந்தைக் கோலி ஒரு பெட்டி ரவை நிரப்பினார். கடைக்காரனை நம்பவில்லை, சிறீயை நம்பவில்லை, புத்தகத்தை நம்பவில்லை. தன் கையை நம்பினார்.

புதன்கிழமை கழகத்தில் ஆள் குறைவு. ஒரு ரவையை மட்டும் போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, விசையை இழுத்தார்.

பூனை தும்மவில்லை. மாடு உதைத்தது. ரிவால்வர் நெற்றியை நோக்கி எழும்பியது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரு நெருப்புக் கம்பி ஓடியது. இரண்டு மேசை தள்ளி நின்றவன் திரும்பிப் பார்த்தான். யேசுராசா துவக்கைத் திறந்து கோதைத் தள்ளினார். வரவில்லை. மரக்கட்டையால் தட்டித்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. கோதின் அடிப்பக்கம் சப்பளிந்து கிடந்தது. அது என்ன சொல்கிறதென்று அவருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தேவையில்லை. உள்ளே அமுக்கம் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தால் குளிர் காலத்தில் பிளந்த துவக்குக்குப் பக்கத்தில் இதுவும் போயிருக்கும்.

மிச்ச ரவைகளை மூடிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வழி முழுக்கக் கடைக்காரனைத் திட்டினார். அது முடிய மருந்து செய்தவனைத் திட்டினார். கராஜுக்குள் வந்து, வேறு வழியில்லாமல், மின்தராசுப் பெட்டியைப் பிரித்தார். ஒரு சுண்டு மருந்தைக் கோலி அதில் கொட்டினார். தராசு காட்டின எண்ணைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். இவருடைய குண்டுக்கு நிறையில் கிட்டடியான ஒரு குண்டுக்கு, இதற்கு மேல் போகாதே என்று போட்டிருந்த அளவையும் தாண்டி நின்றது.

“பொய் சொல்லுது,” என்றார் அந்தோனியாரிடம்.

பற்றரியை மாற்றினார். அதே எண். மேசை சரிவோ என்று தராசை நிலத்தில் வைத்துப் பார்த்தார். அதே எண். பிறகு ஒரு புதுக் குண்டை எடுத்துத் தட்டில் வைத்தார். குண்டின் நிறை பெட்டியில் அச்சடித்திருந்தது. தராசு அதை அப்படியே சொன்னது. இன்னொரு குண்டு. அதுவும் அப்படியே.

அப்படியென்றால் பொய் சொன்னது ஆர்?

பழைய மருந்து அவல் மாதிரித் தட்டைத் தட்டையாக, காற்றோடு கிடக்கும். புதுசு உப்புமாக் கிண்டுகிற ரவ்வை மாதிரிப் பொடி, இடைவெளி விடாமல் இறுகிக் கிடக்கும். ஒரு சுண்டு அவலும் ஒரு சுண்டு ரவ்வையும் ஒரே நிறையா? குசினிப் பக்கமே போகாதவனுக்குக்கூடத் தெரியும். ஊர் உலகத்தில் எல்லாரையும் சந்தேகித்த மனுசன் தன் கையில் இருந்த பேணியைச் சந்தேகிக்கவில்லை. எனக்கு நல்லா வேணும், என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

பிறகு, ரவையைப் பிரிக்கிற சுத்தியலை எடுத்தார். நிரப்பின ரவையை அதற்குள் வைத்து சீமெந்து நிலத்தில் ஓங்கி அடித்தால் குண்டும் மருந்தும் கழன்று அதன் வயிற்றுக்குள் விழும். ஒவ்வொன்றாக, பெட்டி முழுக்க அடித்தார். உள்ளே றோசலினும் செபக் கூட்டத்துப் பெண்களும் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் கதவைத் திறந்தாள்.

“என்னப்பா, நாங்கள் உள்ளுக்கை செபம் சொல்ல நீங்கள் ஆருக்கு ஆணி அடிக்கிறியள்?”

“எனக்குத்தான்.”

“ஆண்டவருக்கே மூண்டு ஆணிதான் அடிச்சவங்கள். இது முப்பது தாண்டிட்டுது.”

“கதவைச் சாத்திக்கொண்டு போ.”

அவள் போகவில்லை. நீல மெழுகுக் குண்டுகளையும், நிலத்தில் இருந்த தராசையும், மனுசனின் வீங்கின மணிக்கட்டையும் பார்த்தாள். போய், பனிப்பெட்டியிலிருந்து ஐஸை ஒரு துவாயில் சுற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் செபத்துக்குப் போனாள்.

அடுத்த நாளிலிருந்து அடிமட்டத்தில் தொடங்கினார். கிட்டடியான குண்டுக்குப் புத்தகம் சொன்ன ஆகக் குறைந்த அளவிலிருந்து, ஒவ்வொரு ரவையின் மருந்தையும் தராசில் நிறுத்து, அஞ்சு அஞ்சு ரவையாக, ஒரு மயிரிழை கூட்டிக் கூட்டி நிரப்பினார். ஒவ்வோர் அஞ்சின் அடியிலும் அடையாளத்துக்கு ஒவ்வொரு நிறம் பூசினார். கழகத்துக்குப் போய் நிறம் நிறமாகச் சுட்டார். பச்சை தும்மினது, ஆனால் குண்டு இலக்குத் தாளில் சாய்ந்து விழுந்தது, கோதெல்லாம் கரி. குழலுக்குள் பார்த்தால் ஈயம் வெள்ளி ஜரிகை மாதிரி ஒட்டிக் கிடந்தது. இத்தாலிக்காரனுடைய மென்மையான ஈயம் இந்த மெல்லிய வெடிக்கே விரிந்து குழலை அடைத்துக்கொண்டு போகும். இந்தக் கடின ஈயத்துக்குக் கொஞ்சம் உறைப்பு வேணும். சிவப்பில் ஈயம் குறைந்தது. நீலத்தில் அஞ்சு ஓட்டையும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் வாய்க்குள் அடங்கின, குழலும் சுத்தம், கோதுகள் தாங்களாக வழுக்கி விழுந்தன. மஞ்சளில் கை கத்தினது. நீலத்தோடு நிற்பாட்டினார். பழைய தும்மலைவிட ஒரு பிடி கூட, ஆனால் தாங்கலாம்.

இந்த நாட்டில் மார்கழி என்றால் கோடை. ஞாயிற்றுக்கிழமை காலமையே வெயில் நாற்பதை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. டெப் வேகம் அளக்கிற மெசினை வைத்தாள். யேசுராசா அடியில் நீலம் பூசின ரவைகளை ஒவ்வொன்றாகச் சுட்டார். மெசின் காட்டின வேகங்கள் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரி நின்றன. கென் கோதுகளை எடுத்து அடியைப் பார்த்தான், தடவினான், தலையாட்டினான். தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். சிறீகூட வாயைச் சுழித்து, “பரவாயில்லை” என்றார். அந்த மனுசன் வாயால் அது வந்தால் பதக்கம் கிடைத்த மாதிரி.

வாக்குப் போட வேண்டியதுதான் மிச்சம்.

அப்போது டெப் கேட்டாள்: “இந்த மருந்தோடு உனக்கு ஏதும் கரைச்சல் வந்ததா, யேசு? நானும் ஒரு பேணி வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் திறக்கவில்லை.”

யேசுராசா அவளைப் பார்த்தார். அவளுடைய வீட்டு மெசினை அவர் கண்டிருக்கிறார். கைப்பிடியைச் சுற்றினால் மருந்து ஒரு குழிக்குள் விழுந்து நிரம்பும், திருப்பினால் கோதுக்குள் கொட்டும். பெரிய மெசின்தான். ஆனால் அதுவும் சுண்டுதான். பழைய மருந்துக்கு வைத்த குழி அப்படியே கிடக்கும்.

இல்லை என்று ஒரு சொல். அதைச் சொன்னால் வாக்கு அவருக்கு. சிறீ பக்கத்தில் பேனாவோடு நின்றார்.

“வந்தது,” என்றார் யேசுராசா. தன் உடைந்த இங்கிலிசில் எல்லாத்தையும் சொன்னார். சுண்டு, அவல், ரவ்வை, உதை, தட்டி எடுத்த கோது. “நான் மடையன். நீயும் அதைச் செய்யாதே. நிறுத்துப் பார், பிறகு குழியை வை.”

டெப்பின் முகம் வெளுத்தது. இன்றைக்குப் பின்னேரம் நிரப்புவதாக இருந்தேன் என்று மட்டும் சொன்னாள்.

சிறீ பேனாவை மூடினார். “யேசண்ணை, நான் கோபத்தில சொல்லேல்லை. இதுக்குத்தான் அந்தச் சட்டம். அண்டைக்கு உங்கட துவக்கு வெடிச்சிருந்தால்?”

“வெடிக்கேல்லை.”

“வெடிச்சிருந்தால்?”

“உம்மட புத்தகத்தை வைச்சுக்கொண்டு அதே சுண்டால கோலியிருந்தாலும் வெடிச்சிருக்கும். பிழை என்ர பேணியில. ஈயத்தில இல்லை.”

“பிழை எண்டு ஒத்துக்கொள்ளுறியள்தானே.”

“ஒத்துக்கொள்ளாட்டி நீர் எப்பிடி அறிஞ்சிருப்பீர்?”

கென் வாக்குக்கு விட்டான். டெப் விலக்குக் கொடு என்றாள். சிறீ வேண்டாம் என்றார். கென் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான், தாளைப் பார்த்தான், பிளந்த ரிவால்வரை நினைத்தானோ என்னவோ, சிறீயின் பக்கம் போய்விட்டான். மன்னித்துக்கொள், தை மாதக் கூட்டத்தில் திரும்பக் கேள் என்றான்.

தை மாதம்! அனுமதிக்கு மார்கழிக்குள் இந்தப் போட்டி வேணும். அது சிறீக்கும் தெரியும். அவருடைய பையில் கடை ரவைப் பெட்டி ஒன்று இருந்தது. எடுத்து மேசையில் வைத்தார், பிறகு அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

“வேண்டாம் அண்ணை. உங்கட கைக்கு இது ஏலாது. துவக்கை இந்த முறை குடுத்திட்டு, பிறகு திருப்பி எடுக்கலாம். நான் பேப்பர் எல்லாம் எழுதித் தாறன்.”

“குடுத்தவன் ஆர் திருப்பி எடுத்தவன்? கையை எடும்.”

“என்ன?”

“பெட்டியில இருந்து கையை எடும் எண்டுறன்.”

போட்டி ஒற்றைக் கையால் சுடுகிற போட்டி. எந்தக் கை என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. டெப்பிடம் கேட்டார். இல்லை என்றாள். யேசுராசா கோட்டில் போய் நின்றார். ரிவால்வரை இடக்கையில் எடுத்தார். சோற்றுக் கை அல்லாத கை. எழுதாத, வெட்டாத, சிலுவை அடையாளம் போடாத கை. வலக்கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டார்.

முதல் வெடிக்குத் தாளில் ஒன்றுமில்லை. பின்னால் மண் அணையில் தூசி எழும்பியது. இரண்டாவதுக்கும் தூசி. பக்கத்தில் ஒருத்தன் சிரிப்பை அடக்கினான். கடை ரவையின் உதை இந்தப் புதுக் கையைத் தோள்வரைக்கும் தூக்கிப் போட்டது. ஆனால் இந்தக் கைக்குள் தகடு இல்லை. நோகிற நோ நல்ல எலும்பின் நோ. பொறுக்கலாம். வேர்வை கண்ணாடிக்குள் இறங்கியது. அவர் துடைக்கவில்லை. மூன்றாவது சுற்றில் தாளின் மூலையில் ஓர் ஓட்டை விழுந்தது. யேசுராசா அந்தக் கைக்குச் சத்தமாகவே சொன்னார்: “ஓம், வா.” பிறகு ஒன்று. பிறகு கனநேரம் ஒன்றுமில்லை. கடைசிச் சுற்றில், எப்படி என்று கேட்காதீர்கள், கறுப்பு வட்டத்தின் விளிம்பில் ஒன்று.

தாள்களை எண்ணுவது செயலாளர் வேலை. சிறீ குனிந்து எண்ணினார். எண்ண அதிகம் இருக்கவில்லை.

“கழகத்தில இவ்வளவு குறைஞ்ச புள்ளி நான் எழுதினதில்லை,” என்றார்.

“எழுதிப் பழகும்.”

“அண்ணை, இதெல்லாம் ஒரு சுடுறதோ?”

“வந்தனான், நிண்டனான், உம்மட ரவையால, உம்மட சட்டப்படி சுட்டனான். போட்டி சுட்டதெண்டு கையெழுத்தை வையும்.”

சிறீ நிமிர்ந்து பார்த்தார். யேசுராசா இடக்கையாலேயே பேனாவை எடுத்து நீட்டினார். சிறீ கையெழுத்தை வைத்தார்.

“தையில திரும்பிக் கேப்பியளோ?”

“தையில கேப்பன். நீர் மாட்டன் எண்டால் மாசியில கேப்பன். அதுவரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் இந்தக் கையாலதான்.” ரிவால்வரைப் பெட்டிக்குள் வைக்கப் போனவர் நின்றார். “உம்மட ரவைப் பெட்டியில இன்னும் கொஞ்சம் கிடக்குப் போல?”

“கிடக்கு.”

“இஞ்ச கொண்டாரும். பின்னேரம் வரைக்கும் வெளிச்சம் இருக்கு. இந்தக் கைக்கு ஒண்டும் தெரியாது, பழக்கோணும்.”